கறுநீலத்தின் மேல் மேட் வார்னிஷ் வெளுத்துவிட்டது: உதவி தேவை

16க்கு 20 அங்குல கேன்வாஸ், இரண்டு கோட் ஜெஸ்ஸோ (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு), மேலே அக்ரிலிக். இரவு வானம், தாலோ ப்ளூவில் பர்ன்ட் அம்பர் கலந்த கறுநீலம். ஒரு வாரம் காயவிட்டு, வாட்டர் பேஸ் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷை அகலப் பிரஷ்ஷால் இரண்டு கோட் அடித்தேன். காய்ந்ததும் கறுநீலத்தில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி வெண்படலம், பிரஷ் திரும்பிய இடங்களில் திட்டுத் திட்டாக. நிலா, மேகம் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாயிற்று, போகவில்லை. ஹேர் டிரையரில் மிதமான சூடு காட்டியும் மாற்றமில்லை. எனவே உள்ளே ஈரம் சிக்கியதாகத் தோன்றவில்லை. பளபளப்பைக் குறைக்கும் மேட் பொடி அடியில் தங்கும் என்பதால் பாட்டிலை நன்றாகக் கலக்கித்தான் எடுத்தது. தண்ணீர் தொட்டால் அந்த இடம் பழைய அடர்த்திக்கு வருகிறது, உலர்ந்ததும் மறுபடி வெளுக்கிறது. அம்மோனியாவால் வார்னிஷை எடுக்க யோசனையாக இருக்கிறது: இடையில் ஐசொலேஷன் கோட் (பெயின்ட்டையும் வார்னிஷையும் பிரிக்கும் நிறமற்ற பூச்சு) இல்லை, பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும்.

இதன் மேலேயே கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு மெல்லிய கோட் கொடுத்தால் கருமை திரும்புமா?