பணத்தைத் திருப்பி வைத்துவிட்டார், அதோடு விட்டுவிடலாமா?

பெரேயன்:
எங்கள் சபைப் பொருளாளர் கட்டட நிதியிலிருந்து சொந்தச் செலவுக்கு எடுத்திருக்கிறார். கணக்குப் புத்தகத்தில் 'முன்பணம்' என்று அவர் கையெழுத்திலேயே இருக்கிறது, யாருக்கு என்ற இடம் மட்டும் காலி. கேள்வி வந்ததும் பணத்தை வைத்துவிட்டார். "வீட்டில் கஷ்டம், பிசாசு சோதித்துவிட்டான், விடுங்கள்" என்கிறார்கள் மூப்பர்கள். அவரோ இதுவரை வாயே திறக்கவில்லை. அவருக்காக மற்றவர்கள் காரணம் சொல்வது சரியா?

ஒலிவமரம்:
பணம் வந்துவிட்டதே பிரதர், இன்னும் என்ன வேண்டும்? அன்பு திரளான பாவங்களை மூடும் என்று பேதுரு எழுதவில்லையா (1 பேதுரு 4:8)? அவர் பிள்ளைகள் நாளைக்குச் சபையில் எப்படித் தலைகாட்டுவார்கள்? முதலில் நம் கண்ணில் இருக்கும் உத்திரத்தைப் பார்ப்போம்.

பெரேயன்:
அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். உத்திரத்தை எடுத்த பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பையும் எடுக்கச் சொல்லித்தான் மத்தேயு 7:5 முடிகிறது. லூக்கா 17:3-இல் கடிந்துகொள், மனஸ்தாபப்பட்டால் மன்னி என்கிறார் ஆண்டவர். இங்கே கடிந்துகொள்ளவும் ஆளில்லை, மனஸ்தாபமும் இல்லை. நேராக மன்னிப்புக்குப் போய்விட்டோம்.

நாத்தான்வேல்:
மக்கள் கும்பிடப் பொன் கன்றுக்குட்டி செய்து கொடுத்துவிட்டு, தம்பி மோசே கேட்டபோது மழுப்பிய ஆரோன் ஞாபகம் வருகிறார். "பொன்னை நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது" என்றாரே (யாத்திராகமம் 32:24), வேதத்தில் அதைவிட மோசமான சாக்கு எனக்குத் தெரியாது. ஆனால் அதை அவரே சொன்னார். மோசே எழுதிக் கொடுக்கவில்லை! உங்கள் மூப்பர்கள் அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

ஒலிவமரம்:
கிண்டல் சுலபம். சிலுவையில் தொங்கும்போதே "தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்கள்" என்று இயேசு பிறருக்காகப் பேசினார். அதுவும் சாக்குதானா?

பெரேயன்:
நல்ல கேள்வி. அவர் "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்று கேட்டார். குற்றமே இல்லையென்றால் மன்னிப்பு எதற்கு? தவிர, பெயர் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டவரை அறியாமல் செய்தார் என்று எப்படிச் சொல்வது? கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். அதை அவர் வாயால் சொல்லட்டும், "எடுத்தது தப்பு" என்பதையும் சேர்த்து. நாம் முந்திக்கொண்டு காரணம் சொன்னால் அவர் மனந்திரும்புவதற்கு இடமே இல்லாமல் போகிறது.

நாத்தான்வேல்:
ஆசாரியரான ஏலியையும் பாருங்கள். ஆசாரியர்களாக இருந்துகொண்டே தப்பு செய்த தன் பிள்ளைகளைக் கேட்காமல் விடவில்லை, "என் குமாரரே, வேண்டாம்" என்றார். சொன்னதோடு சரி. அவர்களை ஆசாரிய வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அவர்களை அடக்கவில்லை என்பதுதான் அவர்மேல் வந்த குற்றம் (1 சாமுவேல் 3:13). உங்கள் சபைப் பணப்பெட்டிச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது?

பெரேயன்:
இன்னும் அவரிடம்தான்.

ஒலிவமரம்:
அது சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். சாவியை வாங்குங்கள். ஆனால் ஞாயிறு ஆராதனையில் பெயர் சொல்லி வாசித்தால் எதிர்ப்பேன்.

பெரேயன்:
மத்தேயு 18:15 தனியாகப் போய்ப் பேசத்தான் சொல்கிறது. முதலில் அதைச் செய்கிறேன். காணிக்கை போட்டவர்கள் யாராவது கேட்டால் மட்டும் மழுப்ப மாட்டேன். வீட்டுக் கஷ்டத்துக்குச் சபை வெளிப்படையாகவே உதவட்டும், என் பங்கும் உண்டு.