மகளின் பாஸ்போர்ட் முடியப்போகிறது, அப்பா கட்டாரில்: சம்மதக் கடிதம் எப்படி எடுப்பது?

வெள்ளவத்தை அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. அவளுடைய பாஸ்போர்ட் ஜனவரியில் முடிகிறது. டிசம்பர் விடுமுறைக்கு அப்பாவிடம் டோஹாவுக்குப் போக இருக்கிறோம். ஆறு மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று டிக்கெட் போடும் இடத்தில் சொல்லிவிட்டார்கள், ஆகவே இப்போதே புதிதாக எடுக்க வேண்டும்.

என் கணவர் ஒரு சம்மதக் கடிதம் எழுதி, கையெழுத்து வைத்து, தன் கம்பனி மனேஜரிடம் சீலும் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவர், "பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள், போதும்" என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அது செல்லாது என்கிறார். யார் சொல்வது சரி?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மகளின் பிறப்புச் சான்றிதழில் இவருடைய பெயர் தமிழில் முழுமையாக இருக்கிறது. இவருடைய பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் முன்னால் வந்து, ஆங்கில எழுத்துக்கூட்டலும் வேறு மாதிரி. எங்கள் கல்யாணச் சான்றிதழில் அது மூன்றாவது மாதிரி. இதைப் பிடித்துக்கொள்வார்களா?

டோஹா நைட் ஷிஃப்ட்

பக்கத்து வீட்டு அக்கா சொல்வதுதான் சரி, தங்கச்சி. கம்பனி சீலை வைத்து அங்கே ஒன்றும் செய்ய முடியாது. மனேஜர் யார், அந்தக் கையெழுத்து யாருடையது என்று கொழும்பில் இருக்கிற அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

அண்ணாவை இங்கே நம் எம்பசிக்கு நேரில் போகச் சொல்லுங்கள். கடிதத்தைத் தட்டச்சுச் செய்து கொண்டுபோகலாம், ஆனால் கையெழுத்தை வீட்டிலேயே வைத்துவிடக் கூடாது. அதிகாரி பார்க்க, அவர் முன்னால் வைக்கிற கையெழுத்தைத்தான் அவர்கள் உறுதிப்படுத்துவார்கள். கையில் தன்னுடைய ஒரிஜினல் பாஸ்போர்ட், கட்டார் ஐடி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் கொப்பி, பிள்ளையின் பழைய பாஸ்போர்ட் கொப்பி, உங்கள் அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் இருக்கட்டும். நீங்கள் இவற்றை ஸ்கான் செய்து அனுப்பிவிட்டால் அவர் பிரிண்ட் எடுத்துக்கொள்வார்.

இங்கே வெள்ளி, சனி விடுமுறை. நம்மவர்கள் பலர் வெள்ளிக்கிழமை லீவு என்று கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வருவார்கள். வேலை நாளில் அரை நாள் லீவு எடுக்கத்தான் வேண்டும். கொன்சியூலர் பகுதி எத்தனை மணி வரை ஆவணம் எடுக்கும் என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போனால் அலைச்சல் மிச்சம்.

கொட்டாஞ்சேனை 13

எங்கள் சொந்தத்தில் ஒருவர் பக்ஸில் வந்த கடிதத்தை வைத்தே எடுத்தார். இவ்வளவு கஷ்டப்பட வேண்டுமா?

ஓய்வுபெற்ற கிளாக்கர்

தம்பி, பக்ஸ் என்று சொல்லும்போதே அது எந்தக் காலம் என்று தெரிகிறது. அதை நம்பி ஒரு தாயைப் பிள்ளையோடு பத்தரமுல்லை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு அனுப்பாதீர்கள்.

மகள், விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் வேண்டும். நீங்கள் நேரில் நிற்பதால் உங்கள் பக்கம் பிரச்சினை இல்லை. வெளிநாட்டில் இருப்பவருடைய சம்மதம், அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தாலோ துணைத்தூதரகத்தாலோ உறுதிப்படுத்தப்பட்டு வர வேண்டும். இது சும்மா கடுதாசி வேலை இல்லை. பெற்றோர் பிரிந்து, ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விடுகிற வழக்குகள் நிறைய. அதற்கென்று 1980 இல் உருவான ஹேக் சாசனத்தில் இலங்கையும் சேர்ந்து, 2001 இல் 10 ஆம் இலக்கச் சட்டத்தையும் கொண்டுவந்தது. பிள்ளை போன பிறகு திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு. பாஸ்போர்ட் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுவது சுலபம். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை, ஆனால் கவுண்டரில் இருப்பவருக்கு அது தெரியாதே.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தில் அடித்தால் எந்தத் தூதரகத்திலும் இழுபறி இல்லை. உள்ளடக்கம் இப்படி:

"கட்டாரில் வசிப்பவரும் இலங்கைக் கடவுச்சீட்டு இலக்கம் … உடையவருமான … ஆகிய நான், … ஆம் திகதி … இல் பிறந்த, பிறப்புப் பதிவு இலக்கம் … உடைய … என்பவரின் தகப்பன். என் மகளுக்குப் புதிய இலங்கைக் கடவுச்சீட்டு வழங்குவதற்கு முழு மனதுடன் சம்மதிக்கிறேன். தேசிய அடையாள அட்டை இலக்கம் … உடைய என் மனைவி … இவ்விண்ணப்பத்தைச் சமர்ப்பித்து, கடவுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளலாம்."

திகதி, இடம், கையெழுத்து. அவ்வளவுதான். சிலர் "என் அன்பு மகள்" என்று தொடங்கி இரண்டு பக்கம் உருகி எழுதுவார்கள். அதில் பிறப்புப் பதிவு இலக்கம் மட்டும் இருக்காது.

வவுனியா ரயில்

அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாக அலுவல் பார்க்க இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக உதவும் என்று ஒரு புரோக்கர் எங்களிடம் சொன்னார். அதற்கு நல்ல காசும் கேட்டார்.

ஓய்வுபெற்ற கிளாக்கர்

காணி விற்க, வங்கி அலுவல் பார்க்க அற்றோணித் தத்துவம் எழுதுவார்கள். ஒரு பக்கச் சம்மதக் கடிதத்தால் முடிகிற வேலைக்கு அது எதற்கு? புரோக்கருக்குத்தான் உதவும்.

டொரன்டோ மாமா

கனடாவில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே மூலைக்கு மூலை நொத்தாரிஸ் இருப்பதால், அவரிடம் கையெழுத்து வைத்து நேரே ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அந்த நொத்தாரிஸின் கையெழுத்தை யாராவது உறுதிப்படுத்த வேண்டும், பிறகு அதை நம் தூதரகம் ஏற்க வேண்டும். சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிற வேலை. டொரன்டோவில் இலங்கைத் துணைத்தூதரகம் இருக்கிறது, ஒட்டாவாவில் உயர்ஸ்தானிகராலயம். நேரே அங்கே போய் அதிகாரி முன்னால் கையெழுத்து வைத்தால் ஒரே படியில் முடியும்.

தகப்பன் கனடாப் பிரஜை ஆகிவிட்டாலும் தகப்பன் தகப்பன்தான், சம்மதம் வேண்டும். கனடா பாஸ்போர்ட்டோடு போய்க் கையெழுத்து வைக்கட்டும்.

லாச்சப்பல்

என் தங்கையின் கதை வேறு. அத்தான் பிரான்சில் அகதி அந்தஸ்தோடு இருக்கிறார். இலங்கை எம்பசிப் பக்கம் கால் வைக்கவே பயப்படுகிறார். பிள்ளை கொழும்பில் தங்கையோடு. இப்படி இருப்பவர்கள் என்ன செய்வது?

புதுக்கடை கறுப்புக் கோட்டு

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, அதைக் கேலி செய்யாதீர்கள். 1951 அகதிகள் சாசனத்தின் முதலாம் உறுப்புரையிலேயே, சொந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தானாக விரும்பி மறுபடி நாடினால் அகதிப் பாதுகாப்பு நின்றுபோகலாம் என்று இருக்கிறது. பிள்ளைக்காக ஒரு கையெழுத்து வைத்ததாலேயே அந்தஸ்து பறிபோய்விடும் என்று யாரும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் பிரான்சில் அவருடைய வழக்கைப் பார்த்த சட்டத்தரணியிடம் கேட்காமல் எம்பசி வாசலை மிதிக்க வேண்டாம். அகதி விசாரணை இன்னும் முடியாதவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

இலங்கைப் பக்கத்தில் உள்ள வழி நீதிமன்றம். பிள்ளையின் பராமரிப்பும் பொறுப்பும் தாயிடம் என்று மாவட்ட நீதிமன்றத்தில் கட்டளை பெற்றால் அதைக் காட்டலாம். காலம் எடுக்கும், செலவும் உண்டு. டிக்கெட் போட்ட பிறகு தொடங்குகிற வேலை இல்லை இது.

விவாகரத்து ஆனவர்களும் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியைக் கொண்டுபோக வேண்டும். அதில் பிள்ளை யாருடைய பொறுப்பில் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல்யாணம் முறிந்ததை மட்டும் சொல்லி, பிள்ளையைப் பற்றி வாயே திறக்காத தீர்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். தகப்பன் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் போதும். காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்கு 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத தாய்மார் அதைப் பற்றி விசாரியுங்கள்.

வெள்ளவத்தை அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. இவர் எம்பசிக்குப் போகச் சம்மதித்துவிட்டார். முதலில் "நானே தகப்பன், எனக்கு எதற்குச் சாட்சி" என்று கோபப்பட்டார், கிளாக்கர் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டியதும் அடங்கிவிட்டார். பெயர்ச் சிக்கலுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லையே?

ஓய்வுபெற்ற கிளாக்கர்

மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அதைத் தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன்.

நம் ஆட்களில் பெயர் ஒரே மாதிரி உள்ள வீடு அபூர்வம். தகப்பனார் பெயர் ஒரு ஆவணத்தில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் முதலெழுத்து மட்டும். 'த' என்ற எழுத்துக்கு ஒருவர் 'டி' போடுவார், இன்னொருவர் 'டிஎச்' போடுவார். கவுண்டரில் இருப்பவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். தமிழ் எழுத்து ஒன்றாக இருந்து ஆங்கிலக் கூட்டல் மட்டும் வேறானால் பயப்பட வேண்டாம்.

கடிதத்தில் அவருடைய பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்தும் மாறாமல் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் "மகளின் பிறப்புச் சான்றிதழில் … எனப் பதியப்பட்டவரும் நானே" என்று ஒரு வரி. தூதரகத்தில் வைக்கும் கையெழுத்து அந்த வரிக்கும் சேர்த்துத்தான் என்பதால் அதற்குப் பெறுமதி உண்டு. அதோடு நீங்கள் கல்யாணச் சான்றிதழின் ஒரிஜினலையும் கொப்பியையும் கொண்டுபோங்கள். மனதுக்கு இன்னும் உறுதி வேண்டுமானால், மூன்று பெயரும் ஒருவருடையதே என்று நீங்கள் ஒரு சத்தியக் கடதாசி எழுதி, சமாதான நீதவானிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேட்டால் மட்டும் எடுத்துக் கொடுங்கள். கேட்காத கடுதாசியை நீட்டினால் புதுக் கேள்விதான் பிறக்கும்.

பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரே பிழையாக இருந்தால் அது வேறு விஷயம். அதைப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பகுதியில் திருத்த வேண்டும், கடிதத்தில் வரி சேர்த்துச் சமாளிக்க முடியாது.

பம்பலப்பிட்டி ஸ்டூடியோ

ஃபோட்டோவை வீட்டில் எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள் அக்கா. அனுமதி பெற்ற ஸ்டூடியோவில் எடுத்தால் படம் நேரே திணைக்களத்துக்குக் கணினியில் போகும், உங்களுக்கு ஒரு துண்டுதான் தருவார்கள். அந்தத் துண்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பிள்ளையின் காது தெரிகிற மாதிரி தலையை இழுத்துக் கட்டிக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பொட்டு, பெரிய தோடு, முன்தலையில் விழுகிற முடி, இதற்காகத்தான் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டி வருகிறது. கைரேகை பதினாறு வயதிலிருந்துதான், மகளுக்கு அந்தக் கவலை இல்லை.

வவுனியா ரயில்

ஊர்ப் பக்கம் இருப்பவர்கள் பத்தரமுல்லை வரை வர வேண்டியதில்லை. வவுனியாவில் கிளை இருக்கிறது, கண்டி, மாத்தறை, குருநாகலிலும் இருக்கிறது, 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலும் திறந்துவிட்டார்கள். சம்மதக் கடிதம் எங்கே போனாலும் ஒன்றுதான்.

டோஹா நைட் ஷிஃப்ட்

இன்னும் இரண்டு விஷயம், தங்கச்சி. ஒன்று, ஒரிஜினல் கடிதம் கைக்கு வராமல் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போக நாள் பதிவு செய்யாதீர்கள். கூரியர் என்றால் தாமதமாகலாம். ஊருக்கு வருகிற யாராவது நம்பிக்கையானவர் கையில் கொடுத்துவிடுவதுதான் இங்கே எல்லோரும் செய்வது. டோஹா–கொழும்பு விமானத்தில் நம் ஆள் ஒருவர் இல்லாத நாள் ஏது? ஸ்கான் ஒன்றை முதலிலேயே வாங்கி, பெயரும் இலக்கங்களும் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் அண்ணா அங்கே இருக்கும்போதே திருத்தலாம்.

இரண்டாவது, இந்தக் கடிதம் பாஸ்போர்ட் எடுக்கத்தான். பயணத்துக்கான சம்மதம் வேறு. நீங்கள் கூட வருவதால் டோஹாவுக்கு அது பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் பிள்ளையை அம்மம்மாவோடு அனுப்பும் எண்ணம் இருந்தால், அல்லது பிறகு ஐரோப்பாப் பக்கம் விசா போடுவதாக இருந்தால், பெற்றோரின் பயணச் சம்மதம் தனியாகக் கேட்பார்கள். எம்பசிக்குப் போகிற அன்றே அதையும் சேர்த்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அம்மா

அம்மம்மாவும் வர ஆசைப்படுகிறார்தான். சரி அண்ணா, இரண்டு கடிதமும் இன்றிரவே அடித்து அனுப்புகிறேன். கட்டார் ஐடிக் கொப்பியும் கடிதத்தோடு வர வேண்டுமா?

டோஹா நைட் ஷிஃப்ட்

பாஸ்போர்ட்டின் படமுள்ள பக்கக் கொப்பி கட்டாயம் வரட்டும், முடிந்தால் எம்பசியில் அதிலும் சீல் வாங்கச் சொல்லுங்கள். ஐடிக் கொப்பி பின்னால் கிடக்கட்டும், பாரமா என்ன.