உவர்மலை ஒழுங்கைக் குழு: ஹேண்ட் பிரேக் இறுக்கம்

சுதர்சினி: செல்வராசா மாமா இருக்கிறீர்களா? கராஜிலிருந்து அல்டோ திரும்பி வந்ததிலிருந்து ஹேண்ட் பிரேக் ஒரு கிளிக்குக்கு மேல் எழும்பவில்லை. கல்லாக இறுகி நிற்கிறது. இன்று நிலாவெளியிலிருந்து வரும்போது பின்பக்கம் கருகிய மணம் வந்தது.

செல்வராசா மாமா: கார் இப்போது எங்கே, பிள்ளை?

சுதர்சினி: வாசலில்தான் மாமா. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு வந்தேன்.

செல்வராசா மாமா: உங்கள் வாசல் சரிவு. முதலில் பள்ளப் பக்கம் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடு, கியரில் போடு, பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடு. சூட்டோடு இழுத்து வைத்தால் பிரேக் சூ, அதாவது உள்ளே உரசிப் பிடிக்கிற வளைந்த கட்டை, சில்லோடு சுழல்கிற டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கிற வார்ப்பிரும்பில் வெடிப்பு விழும்.

சுதர்சினி: செய்துவிட்டேன். கிட்டப் போனாலே இடப்பக்கச் சில்லு அனல் அடிக்கிறது.

நிமலன்: அக்கா, சிவப்பு விளக்கு எரிந்ததா?

சுதர்சினி: இல்லை தம்பி. லீவரை இறக்கியதும் அணைந்துவிட்டது.

செல்வராசா மாமா: அந்த விளக்கை இதற்கு நம்பாதீர்கள். லீவர் தூக்கியிருப்பதையும் பிரேக் எண்ணெய் குறைந்திருப்பதையும்தான் அது சொல்லும். உள்ளே சூ உரசுவது அதற்குத் தெரியாது.

ரஞ்சி அக்கா: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். யார் வீட்டிலாவது குழாயில் தண்ணீர் வருகிறதா?

குகன்: எங்களுக்கு வருகிறது அக்கா, மெதுவாக. மாமா, நம் மேட்டுக்கு ஹேண்ட் பிரேக் கொஞ்சம் இறுக்கமாக இருப்பது நல்லதுதானே?

செல்வராசா மாமா: இல்லை, குகன். இழுத்தால் பிடிக்க வேண்டும், விட்டால் முழுதாக விட வேண்டும். உரசிக்கொண்டே ஓடினால் பெற்றோல் வீணாகும், சூ தேயும், பேரிங் கிறீஸ் உருகும். சூடு பிரேக் எண்ணெய்வரை ஏறினால் கால் பிரேக்கே கைவிட்டுவிடும்.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. சூ தேய்ந்தால் லீவர் உயரமாக எழும்பும். உடனே லீவரடியில் இருக்கிற கேபிள் நட்டை முறுக்கிவிடுகிறார்கள். ஐந்து நிமிட வேலை. ஆனால் டிரம்முக்குள் அந்தக் கேபிள் இழுக்கிற சின்ன லீவர் தன் இடத்துக்குத் திரும்புவதில்லை. தானாகச் சரிசெய்துகொள்ளும் பொறி இருந்தால் அதுவும் வேலை செய்யாமல் நின்றுவிடும். முறை தலைகீழ்: கேபிளைத் தளர்த்தி, சூவின் இடைவெளியைச் சில்லுப் பக்கத்தில் சரிசெய்து, கடைசியில்தான் நட்டைத் தொட வேண்டும்.

நிமலன்: காலையில் நான் பார்க்கட்டுமா, மாமா?

செல்வராசா மாமா: பார். சமதரையில் நிறுத்து, முன்சில்லுகளுக்கு அண்டை கொடு. தூக்கியபின் ஸ்டாண்ட் வை. ஜக்கை மட்டும் நம்பி அடியில் தலை நீட்டாதே. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுக் கேபிள் நட்டைத் தளர்த்து. கால் பிரேக்கைச் சில தடவை மிதித்துவிட்டு, பின்சில்லுகளைக் கையால் சுழற்றிப் பார்.

*மறுநாள்*

நிமலன்: மாமா, நட்டைத் தளர்த்தியதும் வலச்சில்லு இலகுவாகச் சுழல்கிறது. இடது இன்னும் பிடிக்கிறது. டிரம்மைக் கழற்றினேன், சூ தேயாமல் தடிப்பாகத்தான் இருக்கிறது. லீவரை இறக்கிய பிறகும் கேபிள் பின்வாங்கவில்லை. உறை கிழிந்து உள்ளே துரு.

செல்வராசா மாமா: நினைத்தேன். கடற்காற்று வேலை. எண்ணெய் விட்டால் நாலு நாள் ஓடும், மறுபடி இறுகும். புதுக் கேபிள் போடுங்கள். பழையதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோ. இட, வலக் கேபிள்களின் நீளம் வேறாக இருக்கலாம்.

சுதர்சினி: வெள்ளிக்கிழமை அம்மாவைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டும் மாமா. அதற்குள் முடியுமா?

செல்வராசா மாமா: கேபிள் கிடைத்தால் முடியும். கிடைக்காவிட்டால் ஓட்டோவில் போங்கள். கோட்டை வாசல் தாண்டி அந்த ஏற்றத்தில் இந்தக் காரோடு நிற்க வேண்டாம்.

குகன்: மாட்டியபின் எத்தனை கிளிக் வைக்க வேண்டும்?

செல்வராசா மாமா: பல கார்களுக்கு 5 முதல் 8 வரை. காரோடு வந்த புத்தகம் சொல்வதுதான் கணக்கு. புதுக் கேபிள் கொஞ்சம் இளகும். அதனால் சில தடவை பலமாக இழுத்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். இறக்கியதும் இரண்டு சில்லும் ஒரே மாதிரி சுழல வேண்டும்.

நிமலன்: சரி மாமா. கடைக்குக் கிளம்புகிறேன்.

ரஞ்சி அக்கா: தம்பி, வரும்போது எங்கள் குழாய்க்கு ஒரு வாஷரும் வாங்கி வா.