ஸ்வீட் ஆபர்ன் வரலாறு: அட்லாண்டாவில் இருப்பவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களுக்கு வணக்கம். அட்லாண்டாவின் ஸ்வீட் ஆபர்ன் பகுதியைப் பற்றி எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மார்ட்டின் லூதர் கிங் பிறந்த தெரு என்பதோடு நம்மில் பலர் நின்றுவிடுகிறோம்.

1906-இல் வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தாக்கிக் கொன்றன. அதன் பிறகு நகர மையத்தில் இருந்த கறுப்பின வியாபாரிகள் பலர் இந்தப் பகுதியின் முக்கியத் தெருவான ஆபர்ன் அவென்யூவுக்கு வந்து சேர்ந்தார்கள். அடிமையாகப் பிறந்து, முடிதிருத்தும் கடை வைத்து முன்னுக்கு வந்த அலோன்சோ ஹெர்ண்டனின் அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனம் இங்கேதான் வளர்ந்தது. 1949-இல் கறுப்பினத்தவருக்கே சொந்தமான நாட்டின் முதல் வானொலி நிலையமும் இங்கே வந்தது. பின்னாளில் அதற்குக் கீழ்த்தளத்தில் கிங்கின் அலுவலகம். அவர் பேச வேண்டுமென்றால் துடைப்பக் கம்பால் கூரையைத் தட்டுவாராம். மேலிருந்து ஜன்னல் வழியே மைக்கை இறக்குவார்களாம்!

அப்புறம் நெடுஞ்சாலை வந்து தெருவைக் குறுக்கே வெட்டியது. கட்டுரை இங்கேதான் நிற்கிறது. ‘பலர் வீடிழந்தார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. எந்தக் கடை, எந்த வீடு என்று சொல்ல வேண்டும்.

அதே தெருவில் ஆபர்ன் அவென்யூ ஆய்வு நூலகம் இருக்கிறது. யாராவது அங்கே போய், 1940-களின் நகர முகவரிப் புத்தகங்கள் கிடைக்குமா என்று கேட்டுச் சொல்ல முடியுமா? கிடைத்தால், அனுமதி வாங்கி இந்தத் தெருவுக்கான பக்கங்களை மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள். நெடுஞ்சாலைப் பாலத்தின் இருபுறமும் தெரு இன்று இருக்கும் நிலையையும் இரண்டு மூன்று படங்கள் எடுத்தால் பெரிய உதவி. நகல் செலவு என்னுடையது.