கிரேக்க ஹேண்ட்பால் நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா? என் ஆர்கோஸ் கதை இது

கப்பல்காரன்:

ஹேண்ட்பால் என்றதும் நம்மில் பாதிப் பேர் கைப்பந்து என்று நினைத்துக்கொண்டு வாலிபால் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், மீதிப் பேர் எறிபந்து என்று த்ரோபாலுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பக்கத்துக்கு ஏழு பேர், அதில் ஒருவர் கோல்கீப்பர், பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம், அரை மணி நேரம் வீதம் இரண்டு பாதி. நான் விளையாடியதே இல்லை. நான் கப்பலில் ஃபிட்டர்.

2014 பிப்ரவரியில் எங்கள் கப்பல் கிரீஸில், ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் பக்கத்தில் பெராமாவில் ரிப்பேருக்கு நின்றது. பிரேயஸ் என்றால் ஒலிம்பியாகோஸ் கிளப்பின் ஊர், சுவரெல்லாம் சிவப்பு வெள்ளை, டீக்கடை மாதிரி இருக்கும் காபிக்கடைகளிலும் அதே நிறம்தான். எங்கள் யார்டு ஃபோர்மேனுக்கு மட்டும் அந்த நிறத்தைக் கண்டாலே ஆகாது. அவர் சொந்த ஊர் ஆர்கோஸ். தெற்கே பெலோபொன்னீஸ் தீபகற்பத்தில், இருபதாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஊர். வெல்டிங் ராடைக் கையில் வைத்துக்கொண்டே ஒருநாள் கேட்டார், கிரீஸில் ஆண்கள் ஹேண்ட்பாலில் ஐரோப்பியக் கோப்பையை முதலில் தூக்கிய கிளப் எது தெரியுமா என்று. எனக்கு என்ன தெரியும், ஏதென்ஸ்காரர்கள் யாராவது இருப்பார்கள் என்றேன். அவ்வளவுதான், அந்த வாரக் கடைசியில் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கே கிளம்பிவிட்டார்.

வழியில் கொரிந்து கால்வாய் வந்தது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், அடியில் 21 மீட்டர் அகலம்தான், நாங்கள் ஓட்டுகிற கப்பலெல்லாம் உள்ளே தலையைக்கூட நீட்ட முடியாது. பாலத்தில் நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிஷம் வேடிக்கை பார்த்தேன், அவருக்கு மேட்ச் தொடங்கிவிடுமே என்ற தவிப்பு.

ஆர்கோஸ் கிளப்பின் பெயர் டியோமிடிஸ். டிராய் போர்க் கதையில் வருகிற அந்த ஊர் ராஜா டியோமெடஸ்தான், 80 கப்பல்களோடு போருக்குப் போனவர். ஃபோர்மேன் இதை என்னிடம் மூன்று தடவை சொன்னார், கப்பல்காரனுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருப்பார், பிடிக்கத்தான் செய்தது. 2012ல் இந்தக் கிளப் சேலஞ்ச் கோப்பை இறுதிப் போட்டியில் சுவிட்சர்லாந்தின் வாக்கர் தூன் அணியைத் தோற்கடித்தது. ஐரோப்பியக் கோப்பைகளில் அது கடைசிப் படி, சாம்பியன்ஸ் லீக் எல்லாம் இல்லை, அதையும் அவரே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, அந்தக் கடைசிப் படியில்கூட அதுவரை கிரேக்க ஆண்கள் அணி எதுவும் கோப்பையைத் தூக்கியதில்லை என்றார்.

ஊருக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டம், மேலே குன்றில் பழைய கோட்டை. உள்ளரங்கம் அப்படி ஒன்றும் பெரிதில்லை, நம் ஊர்க் கல்யாண மண்டபம் மாதிரிச் சத்தம் எதிரொலித்தது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். என்னை எத்தனை பேருக்கு அறிமுகம் செய்தார் என்று கணக்கே இல்லை, நடுவில் ஒரு பாட்டி மடியில் இருந்த பையிலிருந்து ஆரஞ்சு எடுத்து உரித்தே கொடுத்துவிட்டார்.

ஆட்டம் ஆரம்பித்ததும் நான் பயந்துவிட்டேன். டிவியில் பார்த்தால் பாஸ்கெட்பால் மாதிரி தெரியும், பக்கத்தில் உட்கார்ந்தால் கபடி. கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் வளைவுக்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது, அதனால் கோட்டுக்கு வெளியே ஆறு பேர் சுவர் மாதிரி நிற்கிறார்கள், அடிக்கிறவன் கோட்டுக்கு வெளியே எம்பி, காற்றிலேயே உள்ளே போய், கீழே விழுவதற்குள் எறிந்துவிட வேண்டும். எறிந்தவன் தரையில் விழுகிற சத்தமும் பந்து வலையில் விழுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்கும். விழுந்தவனைத் தூக்கி விடுவது பெரும்பாலும் இடித்துத் தள்ளியவனேதான்.

அன்று யார் ஜெயித்தார்கள் என்பது சத்தியமாக நினைவில்லை. ஒரு தடவை பந்து துள்ளி என் கைக்கு வந்ததுதான் நினைவிருக்கிறது. அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், சின்னப் பந்து. எறியப் போனால் கையை விட்டுப் போகவே இல்லை. பலாப்பழம் வெட்டின கை மாதிரி ஒட்டிக்கொண்டது. பந்து நழுவாமல் இருக்கப் பிசின் பூசிக்கொள்வார்களாம். அப்புறம் கவனித்துப் பார்த்தால் ஆட்டக்காரர்கள் ஷூவின் பின்பக்கம் ஒரு உருண்டை அப்பி வைத்திருக்கிறார்கள், ஓடுகிற ஓட்டத்தில் குனிந்து விரலால் தொட்டுக்கொள்கிறார்கள். நான் எறிந்த பந்து இரண்டு வரிசை தள்ளி ஒருவர் முதுகில் விழுந்தது. பாட்டி கை தட்டினார்.

உங்களில் யாருக்காவது இந்த ஆட்டத்தோடு ஏதாவது தொடர்பு இருந்தால் எழுதுங்கள்.

ஏரிக்கரை:

அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்துச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. நான் இருப்பது தூன் நகரத்தில்! உங்கட ஃபோர்மேன் தோற்கடித்த அதே ஊர்.

2012ல் நான் இங்கே ஒரு உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கட தலைமைச் சமையல்காரர் சுவிஸ்காரர், வாக்கர் தூன் என்றால் உயிர். இந்தக் கோப்பையை அவர்கள் 2005இலேயே ஒருமுறை வென்றவர்கள், அதனால் இரண்டாம் முறையும் எங்களுக்குத்தான், யாரோ கிரேக்கச் சிற்றூர்க்காரர்தானே வருகிறார்கள் என்று கிழமை முழுக்க அதே கதை. தோற்ற பிறகு வேலைக்கு வந்தவர் இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. கிரேக்க சாலட் கேட்டு ஓடர் வந்தபோது அதை என்னைச் செய்யச் சொன்னார். பாத்திரம் கழுவுகிற எனக்கு முதன்முதலாகக் கத்தி கிடைத்தது அன்றைக்குத்தான், அதற்காக ஆர்கோஸ்காரருக்கு நான் நன்றி சொல்ல வேணும்.

எங்கட தமிழ்ப் பிள்ளைகள் இங்கே பெரும்பாலும் காற்பந்துதான். என் மகன் மட்டும் பள்ளிக்கூடச் சிநேகிதனோடு சேர்ந்து ஹேண்ட்பாலுக்குப் போனான். எட்டு வயதில் போனவன், இப்போதும் விளையாடுகிறான், இடது கைக்காரன் என்பதால் வலது பக்கம் நிற்க வைத்தார்கள். இடது கைக்காரருக்கு இந்த ஆட்டத்தில் நல்ல கிராக்கி, அந்தப் பக்கத்திலிருந்து கோலுக்குக் கோணம் அவர்களுக்குத்தான் சரியாக வரும். ஊரில் இடது கையால் சாப்பிடாதே என்று அடி வாங்கிய ஆள் நான்.

பாலிடெக்னிக் கீப்பர்:

அண்ணே, நான் கல்லூரி டீமில் கோல்கீப்பர். நாங்கள் விளையாடியது மண் தரையில், பிசினெல்லாம் கேள்விப்பட்டதோடு சரி.

ஃபோர்மேன் சொன்னதற்குப் பின்னால் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே கோப்பை இறுதிப் போட்டிக்கு 2018ல் ஏஇகே ஏதென்ஸ் போனது, ருமேனியாவின் பொட்டைசா துர்தாவிடம் தோற்றது. ஏஇகே என்பது கான்ஸ்டான்டினோப்பிளிலிருந்து வந்த அகதிகள் 1924ல் தொடங்கிய கிளப், சின்னம் இரட்டைத் தலைக் கழுகு. 2020-21ல் கோப்பைக்கு ஐரோப்பியன் கப் என்று பெயரை மாற்றினார்கள், மாற்றிய முதல் வருஷமே ஏஇகே ஸ்வீடனின் யூஸ்டாட் அணியை வென்று எடுத்துவிட்டது. ஆக இரண்டாவது கிரேக்கக் கோப்பைக்கு ஒன்பது வருஷம் ஆனது.

நான் முழுசாகப் பார்த்தது அதே கோப்பையின் 2024 இறுதிப் போட்டி, இரண்டு ஆட்டம் வைத்துக் கோலைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஒலிம்பியாகோஸும் ஐஸ்லாந்தின் வாலூரும். ஐஸ்லாந்தில் 26-30 என்று நாலு கோலில் தோற்று வந்த ஒலிம்பியாகோஸ், சொந்த மண்ணில் 31-27 என்று அதே நாலு கோலில் ஜெயித்தது. கூட்டினால் 57க்கு 57. உடனே ஏழு மீட்டர் எறிதல்கள், அதாவது கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றையாக ஏழு மீட்டரில் நின்று எறிகிற பெனால்டி, அதில் வாலூர் கோப்பையைக் கொண்டு போனது. ஏழு மீட்டரில் கீப்பருக்கு ஒன்றும் கிடையாது அண்ணே, கையையும் காலையும் விரித்துக்கொண்டு நட்சத்திரம் மாதிரி குதிக்க வேண்டியதுதான், பந்து பட்டால் புண்ணியம். ஃபோன் திரையில் பார்க்கும்போதே என் தொடை உள்பக்கம் கூசியது. ஊரே பார்க்கிற கால்பந்து பெனால்டியைவிட இது கொடுமை, ஆனால் நம் ஆட்கள் யாரிடம் சொன்னாலும் வாலிபாலில் ஏது பெனால்டி என்கிறார்கள்.

ஒரு சந்தேகம். அந்தப் பிசின் கையிலிருந்து எப்படிப் போனது?

கப்பல்காரன்:

ஏரிக்கரைத் தம்பி, உங்கள் சமையல்காரர் கதையை ஃபோர்மேனுக்குச் சொன்னால் ஆர்கோஸில் ஒரு ஆட்டையே அறுத்துவிடுவார். ஆனால் 2024ல் ஒலிம்பியாகோஸ் தோற்றதற்கு அவர் அழுதாரா சிரித்தாரா என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும், ஃபோன் நம்பர் மாறிவிட்டது.

கீப்பர் தம்பி, பிசின் லேசில் போகவில்லை. அரங்கத்துக் கழிவறையில் சோப்புப் போட்டேன், இன்னும் பரவியது. காரில் ஸ்டியரிங்கைத் தொடாதே, சீட்டைத் தொடாதே என்று ஃபோர்மேன் ஏதென்ஸ் வரை திட்டிக்கொண்டே வந்தார், இரண்டு கையையும் சாமி கும்பிடுகிற மாதிரி தூக்கி வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கப்பலுக்கு வந்து எஞ்சின் ரூமில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்க்கிற அந்த மணல் பேஸ்ட்டைப் போட்டேன். தோல்தான் உரிந்தது. கடைசியில் எங்கள் குக், தூத்துக்குடிக்காரர், கையைப் பார்த்துவிட்டு எங்கேடா பலாப்பழம் என்றார். அவரே தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து ஊற்றினார், இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது.