மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கிய சவுதி கடிகார ரேடியோ

ராணிப்பேட்டையிலிருந்து:

பழைய கடிகார ரேடியோ கைக்கு வந்தால், திருப்புளியை எடுப்பதற்கு முன் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிடுங்கள். என் சித்தப்பாவின் செட்டுக்கு இருந்த முக்கால்வாசி வியாதி அதிலேயே எழுதியிருந்தது.

சவுதியில் தம்மாமில் வேலை பார்த்துவிட்டு எண்பதுகளின் கடைசியில் ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த செட். சிவப்பு எண்கள், மரக் கலர் பெட்டி. ரேடியோ அருமையாகப் பாடியது, கடிகாரம்தான் ஒத்துவரவில்லை. சித்தி காலை ஆறு மணிக்குச் சரியாக வைத்தால் சாயங்காலம் ஆறுக்கு நாலு காட்டும். கடையில் காட்டினால் "ஐசி போயிடுச்சும்மா, இங்க கிடைக்காது" என்று அனுப்பிவிட்டார்கள். அதோடு பரணுக்குப் போய்விட்டது.

லேபிளில் இருந்தது: 127/220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். விஷயமே அந்த 60-தான். இந்த ரகக் கடிகாரத்தில் நேரம் காட்டுவதற்கென்று தனிக் குவார்ட்ஸ் கிடையாது. சுவர் மின்சாரத்தின் துடிப்பை எண்ணித்தான் ஐசி, அதாவது உள்ளே இருக்கும் சில்லு, நேரம் காட்டும். சவுதியில் நொடிக்கு 60, நம் ஊரில் 50. அறுபது எண்ணினால் ஒரு நொடி என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஐசிக்கு நம்முடைய ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம்தான். ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் போய்விடும். பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்விட்சை 220-க்குத் தள்ளினாலும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் வோல்ட்தான் மாறும், ஹெர்ட்ஸ் மாறாது. வளைகுடாவிலிருந்து வந்த எத்தனையோ நல்ல செட்டுகள் இதனாலேயே "ரிப்பேர்" என்று பெயர் வாங்கி மூலையில் கிடக்கின்றன. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

திறந்து பார்த்தால் உள்ளே எல்எம்8560, இருபத்தெட்டு கால் ஐசி. அதில் 50/60 தேர்வுக்கென்றே ஒரு கால் உண்டு. அந்த ஐசியின் டேட்டா ஷீட்டை (எந்தக் கால் எதற்கு என்று சொல்லும் விவரத்தாள்) பார்த்து அந்தக் காலை 50-க்கான இணைப்புக்கு மாற்றி ஒரு துண்டு ஒயர் சால்டர் செய்தேன். அவ்வளவுதான். இப்போது செல்போன் நேரத்தோடு ஒட்டியே போகிறது.

மற்ற வேலைகள் வழக்கமானவை. வேலூர்ப் பக்கத்து வெயிலில் தளத்துக்கு அடியில், பரணில் கிடந்த எலக்ட்ரோலிடிக் கண்டன்சர் எப்படி இருக்கும்? உள்ளிருக்கும் திரவம் காய்ந்து, வால்யூமைக் குறைத்தாலும் "ம்ம்" என்று ஒரு இரைச்சல். பவர் சப்ளையில் இருந்த 1000 மைக்ரோஃபாரட் ஒன்றை மாற்றியதும் அது நின்றது. பழையதை விடக் குறைந்த வோல்டேஜ் உள்ளதைப் போடாதீர்கள், + − பக்கம் மாறக் கூடாது. வால்யூம் கண்ட்ரோலின் கரகரப்புக்குக் கான்டாக்ட் கிளீனர் போதும். ஒன்பது வோல்ட் பேட்டரி உள்ளேயே கசிந்து கிளிப்பைப் பச்சையாக்கியிருந்தது, புது கிளிப் வைத்தேன்.

பல வருடம் கிடந்த செட்டை நேரே பிளக்கில் சொருக வேண்டாம். 60 வாட் குண்டு பல்பைச் சீரிஸில், அதாவது செட்டுக்குப் போகும் ஒரு ஒயரின் நடுவில், போட்டு முதலில் அதன் வழியாகக் கொடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மீடியம் வேவில் சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் பகலிலேயே தெளிவாக எடுக்கிறது. உள்ளே இருக்கும் கறுப்பு ஃபெரைட் தண்டு ஸ்டேஷனுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். நமக்குச் சென்னை கிழக்கே இருப்பதால் தண்டு வடக்கு தெற்காக வருகிற மாதிரி செட்டைத் திருப்பி வையுங்கள். எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும் பக்கத்தில் இருந்தால் இரைச்சல்தான் கேட்கும். சித்தி இப்போது அதைக் கட்டில் தலைமாட்டில் வைத்திருக்கிறார், சார்ஜர் அடுப்படிக்குப் போய்விட்டது.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணே, ஐசி உள்ள செட்டுக்கு நீங்கள் சொன்ன வழி சரி. என்னிடம் இருப்பது எண் தகடு மடிந்து விழும் ரகம். அதில் நேரத்தை ஓட்டுவது மோட்டார். அதுவும் மின்சாரத்தின் துடிப்புக்கு ஏற்பத்தான் சுற்றும், ஆனால் ஒயர் வைத்து மாற்ற முடியாது, பல்சக்கரமோ மோட்டாரோ 50-க்கு உரியதாக வேண்டும். வாங்கும்போதே பார்த்து வாங்குவது நல்லது. ஜப்பானில் டோக்கியோ பக்கம் 50, ஒசாகா பக்கம் 60 என்பதால் அந்த ஊர்க் கடிகாரங்கள் சிலவற்றில் 50/60 மாற்றுவதற்குப் பின்னால் ஒரு நெம்புகோல் இருக்கும். ஆனால் ஜப்பானுக்குள் விற்ற பழைய செட்டில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், நம் ஸ்டேஷன்கள் பலவும் அதில் வராது.

மோட்டார் கீச்சென்று கத்தினால் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், நாளாக நாளாகப் பிசுபிசுத்துச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கடிகார எண்ணெய் ஊசி முனையில் ஒரு சொட்டு போதும். எண் தகடுகளைத் தின்னரால் துடைத்தால் எழுத்து அழிந்துவிடும், ஈரத் துணியால் லேசாக ஒற்றி எடுங்கள்.

ஆற்காட்டிலிருந்து:

எங்கள் வீட்டுச் செட்டும் ரியாத்திலிருந்து வந்ததுதான். இதைப் படித்ததும் திருப்பிப் பார்த்தேன், 60 ஹெர்ட்ஸ். நைனா அதைத் திட்டாத நாள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்க்கிறேன், ஐசி நம்பரைப் போடுகிறேன், எந்தக் கால் என்று சொல்லுங்கண்ணே.