மறு: செஸ்னா கதவின் உட்பிடி – ‘லாக்’ நிலைக்குப் ‘பூட்டு’ வேண்டாம்

வணக்கம்.

செஸ்னா 172 என்ற சிறுவிமானத்தின் கதவுப்பிடியைப் பழுதுபார்ப்பது பற்றிப் பயிற்சி மாணவர்களுக்கு எழுதும் கையேட்டுக்காக, ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் வேண்டுமென்று ஓசூர் நண்பர் நம் குழுவில் கேட்டிருந்தார். அவற்றில் ‘ஹேண்டில்’ பற்றி எனக்குச் சண்டை எதுவும் இல்லை. கைப்பிடியே போதும். வெளியே இருப்பது வெளிப்பிடி, உள்ளே இருப்பது உட்பிடி. இதற்கென்று புதுச்சொல் தேடி உட்கார வேண்டியதில்லை.

> லாக் = பூட்டு. எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல் என்பதுதான் சிக்கலே. செஸ்னா 172-இன் பல மாடல்களில் உட்பிடிக்கு மூன்று நிலைகள்: ஓப்பன், குளோஸ், லாக். குளோஸில் வைத்துக் கதவை இழுத்துச் சாத்துகிறோம். பிறகு பிடியைத் திருப்பி அழுத்தினால் லாக் நிலைக்குப் போய்ப் படிந்துகொள்கிறது. இதில் சாவிக்கு வேலையே இல்லை. சாவி போடும் பூட்டு கதவின் வெளிப்பக்கம் தனியாக இருக்கிறது. இரண்டையும் ‘பூட்டு’ என்று எழுதிவிட்டால், “பூட்டு சரியா விழல” என்று பையன் வந்து சொல்லும்போது எதைக் கழற்றிப் பார்ப்பது?

நமக்குச் சாத்துவது வேறு, தாழிடுவது வேறு, பூட்டுவது வேறு. தர்மபுரியில் எந்த வீட்டிலும் “கதவைச் சாத்திட்டு வா” என்றால் யாரும் சாவி தேட மாட்டார்கள். “தாப்பா போடு” என்றால் உள்ளேயிருந்து போடுவது என்று குழந்தைக்கும் தெரியும். ஆகவே மூன்று நிலைகளுக்கும் என் பரிந்துரை: திற, சாத்து, தாழிடு.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. அந்த விமானத்தின் கட்டாயத் தரையிறக்கச் செக்லிஸ்டில், தரையைத் தொடுவதற்கு முன்பே கதவுகளின் தாழை விடுவிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இறங்கும் வேகத்தில் கதவுச்சட்டம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவர்கள் வெளியே வர முடியாது. ஆங்கிலக் கையேடே அந்த இடத்தில் லாக் என்ற சொல்லை விட்டுவிட்டு லாட்ச் (தாழ்) என்ற சொல்லிலிருந்துதான் வினையை எடுக்கிறது. நாம் போய்ப் “பூட்டைத் திற” என்று எழுதலாமா? “தாழை நீக்கு” என்று எழுதுவோம்.

ஓசூர்ப் பட்டறைகளில் கன்னடக்காரர் சிலகா என்பார், தெலுங்குக்காரர் கடியா என்பார், கடைசியில் எல்லோரும் லாட்ச்சில் வந்து நிற்பார்கள். பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும். ஓசூருக்குப் பக்கத்திலுள்ள பெலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனம் பி68சி என்ற இரட்டை எஞ்சின் சிறுவிமானத்தையே கட்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஊர்ப் பையன்களுக்கு எழுதும் கையேட்டில் சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

> ஓவர்-சென்டர் = மையமீறல்

ஐயா மன்னிக்க வேண்டும். ‘மீறல்’ என்றதுமே விதிமீறல் நினைவுக்கு வருகிறது. பராமரிப்புக் குறிப்பில் “கதவில் மையமீறல் உள்ளது” என்று எழுதினால் படிப்பவர் பதறிப்போவார். நடப்பது இதுதான்: பிடியைத் திருப்பும்போது இறுக்கம் ஏறிக்கொண்டே போகும், உச்சத்தைத் தாண்டியதும் தானாகவே அந்தப் பக்கம் விழுந்து நின்றுவிடும். திரும்பி வர வேண்டுமானால் மறுபடி அந்த உச்சத்தை ஏற வேண்டும், அதனால் அதிர்வில் கழன்றுவராது. பக்கவாட்டுக் கிளிப் வைத்த டிபன் கேரியரைப் பூட்டும்போது கை உணர்வதும் இதே ‘டப்’தான். (அட, எனக்கும் ‘பூட்டும்போது’ என்றுதான் வருகிறது, டிபன் கேரியருக்குப் பரவாயில்லை.) ‘தாண்டுதாழ்’ என்று வைக்கலாமா? சின்னதாக இருக்கிறது, வேலையையும் சொல்கிறது.

அடுத்தது, எது உடைகிறது என்பது. பிடி ஷாஃப்ட்டோடு, அதாவது அது சுழற்றும் தண்டோடு, சேரும் இடத்தில் விரிசல் விடும், இல்லையென்றால் பிடிக்குள் இருக்கும் பல்வரிகள் மழுங்கி, பிடி மட்டும் சும்மா சுற்றும். முன்னதற்குக் ‘கழுத்து முறிவு’ என்று நம் குழுவின் அக்கா ஒருவர் தந்த சொல் அருமை; மெக்கானிக்குகள் அப்படியேதான் பேசுகிறார்கள். ஆனால் கையேடு பிடியோடு நின்றுவிடக் கூடாது. பிடி பெரும்பாலும் தானாக உடைவதில்லை. கீல் தேய்ந்து கதவு தொங்கியிருக்கும், அல்லது புதிதாக ஒட்டிய ரப்பர் தடித்திருக்கும். தாழ் நாதாங்கிக்கு நேராக வராது. ஆள் பலத்தைப் போட்டு அழுத்துவார், கழுத்து போய்விடும். காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப்பிடி மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். ஆகவே கீல், தாழ், நாதாங்கி ஆகியவற்றை முதலில் விளக்கிவிட்டு அப்புறம் பிடிக்கு வரலாம். நாதாங்கி என்ற சொல்லை மாற்றச் சொல்லி யாரும் எழுதாததில் மகிழ்ச்சி.

‘பழுதுபார்த்தல்’ என்ற தலைப்பையும் ‘மாற்றுதல்’ ஆக்கிவிடுங்கள். பழுதுபார்த்தல் என்றால் எம்-சீல் வைத்து ஒட்டலாம் என்று ஒருவன் நினைப்பான். அங்கீகாரச் சான்றோடு வந்த பாகத்தைத்தான் மாட்ட வேண்டும், டிஜிசிஏ (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) உரிமம் உள்ள பராமரிப்புப் பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் பறக்கலாம். அமெரிக்க வீடியோக்களில் உரிமையாளரே ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பார். விமானி உரிமம் உள்ள உரிமையாளர் தாமே செய்துகொள்ளக்கூடிய சில்லறை வேலைகளுக்கு அங்கே ஒரு பட்டியல் உண்டு. அதைப் பார்த்து இங்கே யாரும் தொடங்கிவிடக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பாகங்களைக் கோத்து நிறுத்தும், தகட்டைச் சுருட்டிய முளையான ரோல் பின்னுக்குச் ‘சுருள்முளை’ அழகுதான். ஆனால் ஹார்டுவேர் கடையில் போய்ச் சுருள்முளை கேட்டால் கிடைக்காது. ரோல் பின்னாகவே இருக்கட்டும்.

ஸ்பிளைன் ஷாஃப்ட்டுக்குத்தான், அதாவது பிடியின் பல்வரிகளோடு பொருந்தும் வரிகள் வெட்டிய தண்டுக்குத்தான், இன்னும் சொல் அமையவில்லை. ‘பல்தண்டு’ பற்சக்கரத்தோடு குழம்பும். ‘வரித்தண்டு’ எனக்குப் பிடித்திருக்கிறது, வரி என்றதும் ஜிஎஸ்டி நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் தனிமடலில் கேலி செய்தாலும். லேத் ஓட்டுகிறவர்கள் குழுவில் இருந்தால், நீங்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.